கடல் தாண்டும் கார்ட்டூன்கள்: வெட்டுவதும் ஒட்டுவதும் நடக்கும் விதம்

விசித்திர விலங்குகளைப் பந்துக்குள் பிடித்துச் சேர்க்கும் சிறுவனின் கதையான போக்கிமான் தொடரை அமெரிக்கப் பதிப்பில் பார்த்தவர்களுக்கு விடை கிடைக்காத ஒரு கேள்வி உண்டு. நாயகன் ஆஷிடம் 30 டாரோஸ் காளைகள் எங்கிருந்து வந்தன? ஜப்பானில் ஒளிபரப்பான 35-வது எபிசோடில் அதற்கு விடை இருக்கிறது. சஃபாரி பூங்காவில் வேறு எதையோ பிடிக்கப் பந்தை வீசுகிறான். ஒவ்வொரு முறையும் ஒரு டாரோஸ் குறுக்கே ஓடிவந்து பந்துக்குள் போய்விடுகிறது. அதே எபிசோடில் பூங்காக் காவலர் துப்பாக்கியை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுகிறார். துப்பாக்கிக் காட்சிகள் பல என்பதால் வெட்டி மாளவில்லை. எபிசோடையே அமெரிக்காவில் ஒளிபரப்பாமல் விட்டார்கள். பின்னால் டாரோஸ் கூட்டம் திரையில் வந்தபோது, அதற்கு முன்கதையே இல்லை.

வெளிநாட்டுத் தொடரை உள்ளூர் ஒளிபரப்புக்காக வெட்டி மாற்றும் மறுதொகுப்பு என்னும் வேலையின் அடிப்படைச் சிக்கல் இதுதான். ஒரு வெட்டு, வெட்டிய இடத்தோடு முடிவதில்லை. அது கதையிலோ ஒலியிலோ நேரக் கணக்கிலோ ஒரு கடனை விட்டுச் செல்கிறது. அந்தக் கடனை வேறோர் இடத்தில் யாராவது அடைக்க வேண்டும். வெட்டுகிறவர் கையில் பெரும்பாலும் தொடரின் முதல் பருவம் மட்டுமே இருக்கும். ஜப்பானில் கதை இன்னும் எழுதி முடிந்திருக்காது. எந்தக் காட்சி பின்னால் தேவைப்படும் என்பது தெரியாமலேயே வெட்ட வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுக் கார்ட்டூன்களை வெட்டுவது ஒழுக்கக் காவலர்களின் வேலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அந்தப் பங்கும் உண்டு. ஆனால் பெரிய வெட்டுகள் பலவற்றுக்குக் காரணம் வெறும் எண்ணிக்கை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் ஒரு கார்ட்டூனை ஊருக்கு ஊர் உள்ளூர் நிலையங்களுக்கு விற்பதற்குப் பெயர் சிண்டிகேஷன். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு எபிசோட். வாரத்துக்கு 5 வீதம் 13 வாரம், ஆக 65. ஒரு காலாண்டை மறு ஒளிபரப்பு இல்லாமல் நிரப்ப வேண்டுமென்றால் 65 எபிசோட் கையில் இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால் நிலையங்கள் தொடவே தயங்கும். ஜப்பானியத் தொடர்களோ வாரம் ஒன்றாக, 26, 39, 52 என்ற கணக்கில் எடுக்கப்படுபவை.

இந்த இடைவெளியிலிருந்து பிறந்ததுதான் 1985-ல் வந்த ரோபோடெக். ஹார்மனி கோல்டு என்ற அமெரிக்க நிறுவனத்துக்காகத் தயாரிப்பாளர் கார்ல் மேசெக் கையில் எடுத்த மேக்ரோஸ் என்ற ஜப்பானியத் தொடரில் 36 எபிசோடுகளே இருந்தன. எனவே அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு தொடர்கள் சேர்க்கப்பட்டன: சதர்ன் கிராஸிலிருந்து 23, மோஸ்பியாடாவிலிருந்து 25. பழைய காட்சிகளைக் கோத்து ஓர் இணைப்பு எபிசோடும் தயாரானது. மொத்தம் 85. மூன்று தொடர்களிலும் பாத்திரங்கள் வேறு, எதிரிகள் வேறு, கதை நடக்கும் உலகமே வேறு. இவற்றை ஒரே வரலாறாக்க, ஒரே பூமியின் மூன்று தலைமுறைகள் என்று வசனத்தை மாற்றி எழுதினார்கள். சதர்ன் கிராஸின் நாயகி ஜானுக்கு டேனா என்று பெயர் சூட்டி, மேக்ரோஸில் வந்த தம்பதியின் மகளாக்கிவிட்டார்கள். மேக்ரோஸில் பண்டைய இனம் ஒன்றைக் குறித்த 'புரோட்டோகல்ச்சர்' என்ற பெயர், இங்கே மூன்று பகுதிகளிலும் எல்லோரும் தேடி அலையும் எரிசக்தியாக மாறியது. மூன்று கதைகளையும் இழுத்துப் பிடிக்கிற ஒற்றை நூல் அதுதான். எண்ணிக்கைக்காகச் செய்த ஒட்டுவேலை என்றாலும், இதில் உள்ள உழைப்பும் கற்பனையும் மதிக்கத்தக்கவை.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த வோல்ட்ரானும் இப்படித்தான்: 52 எபிசோட் கொண்ட கோலயன், 55 எபிசோட் கொண்ட டைரக்கர் என்ற இரு தொடர்கள் ஒரே பெயரில் விற்கப்பட்டன. கோலயனில் ஐந்து வீரர்களில் ஒருவன் தொடக்கத்திலேயே செத்துப்போகிறான். அமெரிக்க வசனத்தில் அவன் காயம்பட்டு மருத்துவமனைக்குப் போகிறான். ஜப்பானில் செத்தவனுக்கு ஒரு தம்பி உண்டு, முகம் அப்படியே அண்ணன்தான். அவன் பின்னால் வரும்போது, பழைய வீரனே குணமாகித் திரும்பிவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தார்கள். கடன் அடைபட்ட அபூர்வமான நல்ல உதாரணம் இது.

எண்ணிக்கை எதிர்த்திசையிலும் வேலை செய்யும். காட்ச்சமான் தொடரின் 105 எபிசோடுகள் 1978-ல் பேட்டில் ஆஃப் த பிளானட்ஸ் ஆனபோது 85 ஆகின. டிராகன் பால் ஸீ 1996-ல் அமெரிக்கா வந்தபோது முதல் 67 எபிசோடுகள் 53 ஆகச் சுருங்கின. சிலவற்றை விட்டார்கள், சிலவற்றை ஒன்றாக்கினார்கள். செய்லர் மூனின் முதல் இரு பருவங்களில் 89 எபிசோடுகள். அமெரிக்காவுக்கு டீஐசி நிறுவனம் தந்தது 82. அதிலும் முதல் தவணை சரியாக 65. கதை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் எண்ணிக்கை முடிந்த இடத்தில் நிறுத்தியதால், இரண்டாம் பருவத்தின் நடுவில், எதிரி இன்னும் உயிரோடு இருக்கும்போதே தொடர் அறுந்தது. மீதி 17 எபிசோடுகள் பிற்பாடுதான் வந்தன.

அடுத்தது நிமிடக் கணக்கு. ஜப்பானிய அரைமணி எபிசோட் ஏறத்தாழ 24 நிமிடம் 30 விநாடி. அதில் தொடக்கப் பாட்டு 90 விநாடி, முடிவுப் பாட்டு 90 விநாடி, அடுத்த வார முன்னோட்டம் 30 விநாடி வரை. அமெரிக்க நிலையத்துக்குத் தேவைப்படுவது 21 முதல் 22 நிமிடம். 1990-ம் ஆண்டின் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டப்படி குழந்தைகள் நிகழ்ச்சியில் மணிக்கு வார நாட்களில் 12 நிமிடமும் வார இறுதியில் பத்தரை நிமிடமும்தான் விளம்பரம் போடலாம். நிலையம் தன் சொந்த நிகழ்ச்சிகளுக்குப் போடும் முன்னோட்டங்கள் அந்தக் கணக்கில் சேராது; அவற்றுக்கும் இடம் வேண்டும்.

ஆக 3 நிமிடம் குறைக்க வேண்டும். தொடக்கப் பாட்டை 45 விநாடியாக்கினால் 45 விநாடி மிச்சம். முடிவுப் பாட்டை அரை நிமிடத்தில் பெயர்ப்பட்டியலோடு ஓடவிட்டால் 60 விநாடி. முன்னோட்டத்தை எடுத்தால் 30. இன்னும் முக்கால் நிமிடம் கதையின் உடலிலிருந்து போக வேண்டும். செய்லர் மூனில் ஒவ்வோர் எபிசோடின் கடைசியிலும் குழந்தைகளுக்கு ஓர் அறிவுரைத் துண்டு சேர்த்தார்கள். அதற்கான நேரமும் கதையிலிருந்தே எடுக்கப்பட்டது. ஜப்பானில் நடுவில் ஒரே விளம்பர இடைவேளை, அமெரிக்காவில் கூடுதல். எனவே கதை மூச்சு வாங்கும் இடத்தை விட்டுவிட்டு, பரபரப்பான ஒரு கணத்தில் புது இடைவேளை புகுத்த வேண்டும்.

கதையிலிருந்து போக வேண்டிய இந்த நேரத்தை எங்கே எடுப்பார்கள்? அனுபவமுள்ள எடிட்டர் முதலில் கை வைப்பது யாரும் பேசாத காட்சிகளில். வானம், மின்கம்பி, ரயில்வே கேட், நடந்து போகும் கால்கள். கதை கெடாது என்பது சரி. ஆனால் ஜப்பானியத் தொடர்களின் நிதானம் இந்த இடங்களில்தான் இருக்கிறது. மறுதொகுத்த பதிப்பு ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றுவதற்கு வசனம் கூடியது ஒரு காரணம்; மௌனம் கழிந்தது மறு காரணம்.

ஐரோப்பாவில் வேறொரு தொந்தரவு. அனிமேஷன் எடுக்கப்படுவது விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). அங்கே புழங்கிய PAL என்ற பழைய ஒளிபரப்பு முறையில் விநாடிக்கு 25. ஒவ்வொரு சட்டகத்தையும் அப்படியே ஓட்டினால் படம் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும்: 24 நிமிட எபிசோட் 23 நிமிடம் 2 விநாடியில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் பாட்டு ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மேலே போய்விடும். வெட்டாமலேயே ஒரு நிமிடம் லாபம் என்று இதை ஏற்றுக்கொண்ட நிலையங்களும் உண்டு.

இவற்றுக்குப் பிறகுதான் தணிக்கை வருகிறது. அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனங்களில் இதற்கென்றே ஒரு தரக் கண்காணிப்புத் துறை உண்டு. எபிசோடை முதலில் அவர்கள் பார்த்து, காட்சி வரும் நேரத்தைக் காட்டும் எண்ணை (டைம்கோட்) குறித்து ஆட்சேபப் பட்டியல் அனுப்புவார்கள். குருதி, மரணம், மது, புகை, மதச் சின்னம், உடல் தெரியும் காட்சி எல்லாம் அதில் இருக்கும். அவர்கள் மிகவும் கவலைப்படுவது குழந்தை பார்த்து அப்படியே செய்யக்கூடிய செயல்கள் குறித்துத்தான். லேசர் வாளால் ரோபோவைப் பிளப்பது பரவாயில்லை. அதை வீட்டில் செய்ய முடியாது. சமையல் கத்தி, தூக்குக் கயிறு, நிஜத் துப்பாக்கி போன்றவற்றுக்கு அனுமதி இல்லை.

மரணத்தை வசனத்தால் மறைப்பது மலிவான வழி. டிராகன் பால் ஸீயின் 1996 அமெரிக்கப் பதிப்பில் செத்தவர்கள் 'வேறொரு பரிமாணத்துக்கு' அனுப்பப்பட்டார்கள். விமானங்கள் வெடித்துச் சிதறும் காட்சியில், பாராசூட்டுகள் தெரிகின்றன, அவர்கள் தப்பிவிட்டார்கள் என்று ஒரு பாத்திரத்தைச் சொல்லவைத்தார்கள். திரையில் பாராசூட் ஏதும் இல்லை. நரகத்தின் காவலர்களது பனியனில் ஆங்கிலத்தில் 'ஹெல்' என்று எழுதியிருந்தது. நடுவிலிருந்த இரண்டு எழுத்துகளைத் திருத்தி 'எச்எஃப்ஐஎல்' ஆக்கி, தோற்றவர்களின் இல்லம் என்று அதற்கு ஒரு விரிவும் சொன்னார்கள். செய்லர் மூன் முதல் பருவத்தின் கடைசி இரண்டு எபிசோடுகளில் தோழிகள் ஒவ்வொருவராக உயிர்விடுகிறார்கள். டீஐசி இரண்டையும் ஒன்றாக்கி, அவர்கள் சிறைபிடிக்கப்பட்டதாகச் சொன்னது. நாயகி கதறும் காட்சி மட்டும் அப்படியே இருக்கிறது. யாரும் சாகாத கதையில் ஏன் இப்படிக் கதறுகிறாள் என்று பார்க்கும் குழந்தைக்குப் புரியாது. உணர்ச்சி படத்தில் இருக்கிறது, காரணம் வசனத்தில் இல்லை. வசனத் தணிக்கையின் பெரிய தோல்வி இதுவே என்பது நம் கருத்து.

வெட்டி எடுத்ததற்குப் பதிலாகப் புதிதாக வரைந்து சேர்ப்பதும் நடந்திருக்கிறது. பேட்டில் ஆஃப் த பிளானட்ஸில் வன்முறையை எடுத்தபின் எபிசோட் குட்டையானது. ஸ்டார் வார்ஸ் அலை அடித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. எனவே 7-ஸார்க்-7 என்ற ரோபோ பாத்திரத்தை அமெரிக்காவில் வரைந்து, கடலடித் தளமொன்றிலிருந்து நடப்பதை விளக்கிக்கொண்டே இருக்கவைத்தார்கள். பூமியில் நடக்கும் சண்டைகளை வேற்றுக் கிரகத்துக்கு மாற்றியதையும், அழிந்த நகரத்தில் மக்கள் முன்பே வெளியேறிவிட்டார்கள் என்பதையும் அதுவே சொல்லும். ஒரே ஆள் நேரத்தையும் நிரப்பினார், ஓட்டையையும் அடைத்தார். ஜப்பானியப் படத்தின் கோட்டுக்கும் நிறத்துக்கும் அந்த ரோபோவின் படத்துக்கும் உள்ள வேறுபாடு பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

படத்துக்குள்ளேயே திருத்துவதுதான் நுணுக்கமான வேலை. டிஜிட்டல் கருவி வருவதற்கு முன்பு வழிகள் குறைவு: சட்டகத்தைப் பெரிதாக்கி வேண்டாத பொருளை ஓரத்துக்கு வெளியே தள்ளுவது, முந்தைய சட்டகத்தை உறையவைத்து நீட்டுவது, எதிரே நிற்பவரின் முகத்தை மறுபடி போடுவது. பெரிதாக்கினால் படத்தின் மணல்மணலான தன்மை கூடும், கோடுகள் தடிக்கும். கூர்ந்து பார்த்தால் எந்த ஷாட் தொடப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம்.

கணினியில் ஒவ்வொரு சட்டகமாகப் பூசித் திருத்த முடியும். இங்கே அனிமேஷனின் சிக்கனம் கைகொடுக்கிறது. விநாடிக்கு 24 சட்டகம் ஓடினாலும் புதிய ஓவியங்கள் 8 அல்லது 12-தான். ஒரே ஓவியம் இரண்டு, மூன்று சட்டகங்களுக்கு நிற்கும். ஒரு ஓவியத்தைத் திருத்தி மற்றவற்றில் ஒட்டிவிடலாம். கேமரா நகர்ந்தாலோ நெருங்கினாலோ இந்தச் சலுகை போய்விடும்: பொருள் ஒவ்வொரு சட்டகத்திலும் இடம் மாறும், அளவு மாறும்.

புகை அதைவிடக் கடினம். சிகரெட் சிறிய, திடமான பொருள். அழித்து உதட்டை வரைந்தால் போதும். புகை ஒளி ஊடுருவும் படலம். அதை எடுக்க அதன் பின்னாலிருக்கும் பின்னணியை முழுதாக மறுபடி உருவாக்க வேண்டும். 4கிட்ஸ் நிறுவனம் 2004-ல் ஒன் பீஸ் தொடரை அமெரிக்காவுக்குத் தொகுத்தபோது சமையல்காரர் சாஞ்சியின் சிகரெட் லாலிபாப் ஆனது. ஸ்மோக்கர் என்ற கடற்படை அதிகாரி வாயில் எப்போதும் இரண்டு சுருட்டு. அவற்றை அழித்தார்கள், புகையை விட்டுவிட்டார்கள். மனிதர் வாயிலிருந்து காரணமில்லாமல் புகை வந்துகொண்டிருந்தது. யூ-கி-ஓவில் காவலர்களின் கைத்துப்பாக்கியை அழித்தபோது, நீட்டிய விரல் மட்டும் மிஞ்சியது. எதிரில் நிற்பவர் அந்த விரலைப் பார்த்து நடுங்குகிறார். பொருளை மட்டும் எடுத்து, அதைச் சுற்றியுள்ள உடல்மொழியை விட்டுவைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஒன் பீஸ் வெட்டுக்குப் பெரிய பாடம். 143 ஜப்பானிய எபிசோடுகள் 104 ஆகின. லபூன் என்ற திமிங்கலத்தின் கதையைத் தேவையற்ற கிளைக்கதை என்று கருதித் தூக்கிவிட்டார்கள். பல ஆண்டு கழித்து நாயகனின் கப்பலில் சேரும் புரூக் என்ற பாத்திரத்தின் முழு வாழ்க்கையும் அந்தத் திமிங்கலத்துக்குக் கொடுத்த வாக்கில் நிற்கிறது. வெட்டிய நேரத்தில் இது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. 2007-ல் உரிமை ஃபனிமேஷன் என்ற நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் பழைய எபிசோடுகளையும் வெட்டில்லாமல் முதலிலிருந்து டப்பிங் செய்தார்கள்.

படத்தை வெட்டினால் ஒலி என்ன ஆகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வெளிநாட்டுக்கு விற்கும்போது தயாரிப்பாளர் படத்தோடு இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள தடம் ஒன்றைத் தர வேண்டும். வசனம் அதில் இருக்கக் கூடாது. பழைய தொடர்கள் பலவற்றில் அது இல்லை. வசனம், இசை, காலடிச் சத்தம் எல்லாம் ஒரே மோனோ தடத்தில் கலந்திருக்கும். வசனத்தை நீக்கினால் அந்த இடத்தில் இசையும் போய்விடும். தடம் இருந்தாலும், காட்சியில் 12 விநாடி வெட்டும்போது பின்னால் ஓடும் இசையும் 12 விநாடி தாவும். தாளம் நடுவில் முறியும். தாவலை மறைக்க ஒரு வெடிச்சத்தமோ காற்றோசையோ மேலே போடலாம். எபிசோடுக்கு இருபது வெட்டு என்றால் அது ஈடுகொடுக்காது. இசையை முழுதாக மாற்றிவிடுவதே சுலபம். கூடவே ஒரு வணிக லாபமும் உண்டு: புது இசையின் உரிமை உள்ளூர் நிறுவனத்திடம் இருந்தால், ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் வரும் உரிமத்தொகையில் அதற்குப் பங்கு கிடைக்கும். டிராகன் பால் ஸீக்கும் போக்கிமானுக்கும் அமெரிக்காவில் வேறு பின்னணி இசை கேட்டதன் பின்னால் இப்படிப்பட்ட கணக்குகள் உண்டு.

டப்பிங் வசனம் எழுதுவதில் ஜப்பானிய முறை சிறு உதவி செய்கிறது. அங்கே பெரும்பாலும் வாய்க்கு மூன்றே நிலைதான்: மூடியது, பாதி, திறந்தது. எனவே எந்தச் சொல் என்பதைவிட எத்தனை முறை வாய் அசைகிறது, எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். அசைவை எண்ணி அதற்குள் வாக்கியத்தை அடக்க வேண்டும். தமிழில் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு ஆங்கில வசனத்திலிருந்து வரும்போது நீளம்தான் தலைவலி. தமிழ் வினைமுற்றே ஆளையும் எண்ணையும் காட்டிவிடுவதால் 'நான்', 'அவங்க' போன்ற எழுவாயை முதலில் கழற்றுவார்கள். போதாவிட்டால், முகம் திரும்பியிருக்கும் அல்லது ஆள் திரைக்கு வெளியே இருக்கும் அடுத்த ஷாட்டுக்கு வாக்கியத்தின் பாதியைத் தள்ளுவார்கள். வாய் தெரியாத இடத்தில் நேரம் தாராளம்.

ரசனைக்கும் வியாபாரத்துக்கும் அப்பாற்பட்ட, எல்லோரும் ஏற்க வேண்டிய ஒரு திருத்தமும் உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் எபிசோடில், ஓர் ஏவுகணை வெடிக்கும் காட்சியில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னின. 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அந்த எபிசோட் பிறகு எந்த நாட்டிலும் ஒளிபரப்பாகவில்லை. இன்று பல நாடுகள் பின்பற்றும் பொது விதி: திரையின் கால்பாகத்துக்கு மேல் பரவும் மின்னல் விநாடிக்கு மூன்றுக்கு மேல் கூடாது, அடர்ந்த சிவப்பு மாறி மாறி வரக் கூடாது. பிரிட்டனில் ஹார்டிங் சோதனை போன்ற மென்பொருள் ஆய்வில் தேறாத நிகழ்ச்சி ஒளிபரப்பாகாது. தேறாத காட்சியின் ஒளியைக் குறைப்பார்கள், சிவப்பை வெளிறவைப்பார்கள், அல்லது மின்னும் சட்டகங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை முந்தைய சட்டகத்தால் நிரப்புவார்கள். பழைய எபிசோடுகளை இன்று பார்க்கும்போது சண்டைக்காட்சி திடீரென மங்கினால் இதுவே காரணம். இந்த வெட்டைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

பண்பாட்டு மாற்றத்துக்கு டோரேமான் தெளிவான உதாரணம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நோபிதா, ஜியான், சுனியோ, ஷிசுகா என்ற பெயர்கள் ஜப்பானில் உள்ளபடியே அறிமுகம். 2014 ஜூலையில் டிஸ்னி எக்ஸ்டி வழியாக அமெரிக்கா போனபோது அவர்கள் நோபி, பிக் ஜி, ஸ்னீச், சூ ஆனார்கள். யென் தாள் டாலர் ஆனது, சாப்பாட்டுக் குச்சி முள்கரண்டி ஆனது, தேர்வுத்தாளின் பூஜ்யம் 'எஃப்' ஆனது. கடைப் பலகைகள் ஆங்கிலத்துக்கு மாறின. இவை பழைய காலத்துப் பூச்சுவேலைபோல் இல்லை. மூல உரிமையாளர்களின் சம்மதத்தோடு, சுத்தமாகச் செய்யப்பட்டவை. என்றாலும் தெருவும் வீட்டு அமைப்பும் கதவைப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் முறையும் ஜப்பானாகவே இருக்கின்றன. பொருளை மாற்றலாம், ஊரை மாற்ற முடியாது. போக்கிமானில் சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஜெல்லி டோனட் என்று சொல்லவைத்ததும், பிந்தைய பருவங்களில் அதையே சாண்ட்விச்சாக வரைந்து மாற்றியதும் இதே முயற்சிதான். இந்தியக் குழந்தைகள் பெயரும் உணவும் மாறாத டோரேமானை எந்தச் சிரமமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே, இந்த வகைத் திருத்தம் அவசியமில்லை என்பதற்குப் போதுமான சான்று.

அமெரிக்காவில் தயாரானதும் வெளியூரில் வெட்டுப்பட்டதுண்டு. நிஞ்சா ஆமைகள் பிரிட்டனில் 'ஹீரோ' ஆமைகளாக ஒளிபரப்பானார்கள். ஆமைகளில் ஒருவனான மைக்கலாஞ்சலோவின் ஆயுதம் நன்சாக்கு, அதாவது சங்கிலியால் இணைத்த இரு கட்டைகள்; அது அங்கே தணிக்கையாளர்களுக்கு ஆகவே ஆகாது. தலைப்புப் பாட்டிலும் சண்டையிலும் அதை வெட்டினார்கள். இந்தத் தொல்லையின் விளைவாக, பின்வந்த பருவங்களில் அமெரிக்கத் தயாரிப்பாளர்களே அவனுக்குக் கொக்கி கட்டிய கயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். ஓர் ஏற்றுமதிச் சந்தையின் வெட்டு மூலத்துக்கே திரும்பி வந்த வழி இது.

பிரான்சில் நடந்தது வேறு வகைத் தவறு. கார்ட்டூன் என்றாலே குழந்தைகளுக்கு என்று எண்ணி, பெரியவர்களுக்கான சிட்டி ஹன்டரைக் குழந்தைகள் நேரத்துக்கு வாங்கினார்கள். நாயகன் பெண்களைக் காதலர் விடுதிக்கு அழைக்கும் இடமெல்லாம் சைவ உணவகத்துக்கு அழைப்பதாக மாறியது. இந்தியாவில் ஷின்சானுக்கு வந்த சிக்கலும் அதே வேரிலிருந்துதான். ஜப்பானில் பெரியவர்களுக்கான இதழில் தொடங்கிய கதை இங்கே குழந்தைகள் சேனலில் ஓடியது. 2008-ல் நிறுத்தப்பட்டு, வெட்டுகளோடு மறு ஆண்டு திரும்பியது. வாங்கும்போதே வயதை உறுதிசெய்திருந்தால் இந்த வெட்டுகளில் பாதி தேவைப்பட்டிருக்காது.

வெட்டும் உரிமை எங்கிருந்து வருகிறது? ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியிலிருந்து. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 117 நிமிடம் ஓடும் நௌசிகா படம், 1985-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 22 நிமிடம் குறைக்கப்பட்டு வாரியர்ஸ் ஆஃப் த விண்ட் என்ற பெயரில் வந்தது. கதையின் சுற்றுச்சூழல் அக்கறை அதில் அடையாளம் தெரியாமல் போனது. 1996-ல் டிஸ்னியோடு அவருடைய கிப்லி ஸ்டுடியோவின் படங்களுக்கான ஒப்பந்தம் போட்டபோது, ஒரு காட்சியையும் வெட்டக் கூடாது என்ற நிபந்தனை சேர்ந்தது. படமும் முழுதாகப் போனது, வியாபாரமும் நடந்தது. தொலைக்காட்சித் தொடர்களின் உரிமையாளர்களுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு பேரம் பேசும் வலிமை இருக்கவில்லை. பொம்மையும் அட்டையும் விற்றால் போதும் என்று கையெழுத்திட்டார்கள்.

கையில் இருப்பது மறுதொகுத்த பதிப்பா என்று அறிய விரும்புவோர் முதலில் எபிசோட் எண்ணை ஜப்பானியப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எண்கள் வழுக்கிக்கொண்டே போனால் இடையில் ஏதோ விடுபட்டிருக்கிறது அல்லது ஒன்றாகியிருக்கிறது. அடுத்து மொத்த நீளம்: பாட்டுகளைக் கழித்தபின் கதை 20 நிமிடத்துக்குக் கீழே இருந்தால் சந்தேகிக்கலாம். கடைப் பலகைகள் வெறுமையாகவோ புரியாத கோடுகளாகவோ இருந்தால் அங்கே பூச்சு விழுந்திருக்கிறது. ஒருவர் முகம் தேவைக்கு மேல் நீண்டு நின்றால், அந்த இடத்தில் எதிர் ஷாட் ஒன்று போயிருக்கும். உறுதிசெய்ய, மொழியை மாற்றிக் கேட்பது நல்லது: ஜப்பானியத் தடத்துக்கு மாற்றும்போது பின்னணி இசையும் சேர்ந்து மாறினால், அந்தப் பதிப்புக்கு உள்ளூரில் வேறு இசை அமைத்திருக்கிறார்கள். மொழியை மாற்றும் வசதியே இல்லாமல் ஒரே தடம் மட்டும் கிடைக்கும் பழைய பதிப்பு என்றால், அதன் படமும் வெட்டப்பட்டிருக்கலாம். வெட்டிய படத்தின் மேல் ஜப்பானிய ஒலி இனிப் பொருந்தாது.